தீராத வழக்கும் திறந்த நகரமும்: இலட்சுமிகாந்தன் கொலை வழக்கின்வழிச் சென்னைச் சமூகத்தை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

குற்றவாளி யாரென உறுதிப்படாத கொலை வழக்குகள் பொதுவெளியில் புதிர்களாகவே வாசிக்கப்படுகின்றன. ஆனால், அவை ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வையும் அதிகார உறவுகளையும் பதிவுசெய்துள்ள சமூக ஆவணங்களும் ஆகும். விக்டோரியா கால இலண்டனின் ஒயிட்சேப்பல் கொலைகளை முன்வைத்து வளர்ந்த ஆய்வுமுறையை இக்கட்டுரை சுருக்கமாக அறிமுகப்படுத்துகிறது. அம்முறையின் துணையுடன் 1944இல் சென்னை வேப்பேரியில் நிகழ்ந்த சி. என். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கை வாசிக்கிறது. 1919ஆம் ஆண்டின் தெ லா ஹே வழக்கும் 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் வழக்கும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. யார் கொன்றார் என்னும் வினாவைவிட, யாருடைய சொல் நம்பப்பட்டது, யாருடைய பெயர் நினைவில் நின்றது என்னும் வினாக்களே நகர வரலாற்றுக்குப் பயன்தருபவை என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கொலை வழக்கு, நகர வரலாறு, மஞ்சள் பத்திரிகை, ஜூரி முறை, கொலைச்சிந்து, போர்க்காலச் சென்னை

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் எவரும் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கைக் கடந்து செல்ல முடியாது. எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழ் சரிந்ததற்கும் என். எஸ். கிருஷ்ணனின் வாழ்வு இடைமுறிந்ததற்கும் அவ்வழக்கே காரணமாகச் சுட்டப்படுகிறது. இவ்வாறு சொல்லப்படும்போது வழக்கு இரு கலைஞர்களின் வாழ்க்கை வரலாற்றுக்குள் ஓர் அத்தியாயமாகச் சுருங்கிவிடுகிறது. கொல்லப்பட்டவர், அவருடைய இதழை வாங்கிப் படித்தவர்கள், அவ்விதழில் இழிவுபடுத்தப்பட்டவர்கள், வழக்கில் சேர்க்கப்பட்ட பிற எதிரிகள் ஆகியோர் அக்கதையின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றனர்.

வழக்கைச் சமூக வரலாற்றுச் சான்றாக அணுகினால் இவ்விளிம்பு மையத்துக்கு வரும். அதற்குரிய வழிமுறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கொலையாளியைக் கண்டறிவது இதன் நோக்கமன்று.

1. ஒயிட்சேப்பல்: புதிரிலிருந்து சமூகத்துக்கு

1888ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மேரி ஆன் நிக்கோல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைடு, கேத்தரின் எடோவ்ஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். கொலையாளி பிடிபடவில்லை. நாளிதழ்கள் பரப்பிய புனைபெயர் ஒன்று அவனுக்கு நிலைத்தது. அவன் யாரென ஊகிக்கும் நூல்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வெளிவந்துகொண்டிருக்கின்றன.

இப்போக்கிலிருந்து விலகிய ஆய்வுகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஜூடித் வால்கோவிட்ஸ் 1992இல் வெளியிட்ட நூலில் இக்கொலைகளைப் பற்றிய செய்திகள், வதந்திகள், அச்சங்கள் ஆகியவற்றையே ஆய்வுப்பொருளாக்கினார். நகரத் தெருவில் பெண் நடமாடும் உரிமை, வர்க்க அச்சம், இதழியலின் வணிகம் ஆகியன அச்செய்திகளில் எவ்வாறு பின்னிக்கிடந்தன என்பதை அவர் காட்டினார். ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் வெளியிட்ட நூலில் கொலையாளியை முற்றாக ஒதுக்கிவிட்டு, கொல்லப்பட்ட ஐவரின் வாழ்க்கையை மட்டும் எழுதினார். ஐவரும் பாலியல் தொழிலாளர்கள் என்பது நெடுங்கால நம்பிக்கை. அவர்களுள் மூவரைப் பொறுத்தவரை அதற்குத் தக்க சான்று இல்லை என அவர் வாதிட்டார்.

இவ்விருவருக்கும் பயன்பட்ட ஆவணங்களுள் முதன்மையானவை இறப்பு விசாரணைப் பதிவுகளும் நாளிதழ்ச் செய்திகளும் ஆகும். தங்கும் விடுதியில் ஓர் இரவுப் படுக்கைக்கு நான்கு பென்னி இல்லாமல் வெளியே அனுப்பப்பட்ட பெண்ணின் கதை அங்குத்தான் பதிவாகியிருக்கிறது. அவர் இயல்பாக இறந்திருந்தால் எந்த ஆவணமும் அவரது கடைசி இரவைக் குறித்திருக்காது. கொடிய நிகழ்வொன்று எளிய மக்களின் அன்றாடத்தை ஆவணத்துக்குள் இழுத்துவருகிறது. கொலை வழக்கு சமூக வரலாற்றுக்குச் சான்றாவதன் அடிப்படை இதுவே.

தீர்ந்த வழக்குக்கும் தீராத வழக்குக்கும் இடையே ஆவண அளவிலும் ஒரு வேறுபாடு உண்டு. குற்றவாளி உறுதியானதும் விசாரணை அவரைச் சுற்றிக் குறுகிவிடும். குற்றவாளி கிடைக்காதபோது ஐயம் பல திசைகளிலும் பரவும். அது பரவும் திசைகளைக் கொண்டு அச்சமூகம் யாரை அஞ்சியது, யாரை இழிவாகக் கருதியது என்பதை அறியலாம்.

2. வழக்கின் போக்கு

சென்னை வழக்கின் அடிப்படைச் செய்திகளை முதலில் வரிசைப்படுத்துவது தேவை. இலட்சுமிகாந்தன் 1940களின் முற்பகுதியில் ‘சினிமா தூது’ என்னும் இதழை நடத்தினார். திரைக்கலைஞர்களின் அந்தரங்கம் குறித்த செய்திகளே அதன் முதன்மைச் சரக்கு. பாகவதர், கிருஷ்ணன், கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் இதழின் உரிமத்தை நீக்குமாறு ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். உரிமம் நீக்கப்பட்டது. பின்னர் இலட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ இதழைத் தம் பொறுப்பில் கொண்டு அதே பணியைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் தம் வழக்கறிஞரைச் சந்தித்துவிட்டுக் கைரிக்சாவில் திரும்பும் வழியில் அவர் கத்தியால் தாக்கப்பட்டார். பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். டிசம்பர் இறுதியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டனர்.

விசாரணை சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பதின்மர் ஜூரியுடன் நடைபெற்றது. ஸ்ரீராமுலு நாயுடுவுக்காகக் கே. எம். முன்ஷி வாதாடினார், அவர் விடுவிக்கப்பட்டார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என ஜூரியினருள் அறுவர் கருதினர், மூவர் மறுத்தனர். 1945 மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோல்வியுற்றபின் வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு அங்கு ஆணையிடப்பட்டது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹேப்பல், ஷகாபுதீன் ஆகியோர் இருவரையும் விடுவித்தனர். அதற்குள் அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்திருந்தனர்.

கொலைக்குப் பொறுப்பானவர் யார் என்னும் வினாவுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட விடை இன்றுவரை இல்லை.

3. தாளும் அவதூறும்

இவ்வழக்கு முதலில் காட்டுவது போர்க்காலச் சென்னையின் அச்சுப் பண்பாட்டை. இரண்டாம் உலகப் போரின்போது தாள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. இதழ் நடத்துவதற்கு எழுத்தும் வாசகரும் மட்டும் போதாது. தாளும் உரிமமும் வேண்டும். திரைத்துறையும் இவ்வாறே படச்சுருள் பற்றாக்குறையில் சிக்கியிருந்தது. படங்களின் நீளம் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என அரசு வரம்பு விதித்திருந்தது. படங்களின் எண்ணிக்கை குறைந்தபோது வெற்றிபெற்ற ஒவ்வொரு படத்தின் மதிப்பும் அதில் நடித்தவரின் மதிப்பும் உயர்ந்தன. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நாயகன் சிறையில் இருந்த காலத்திலும் அப்படம் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் தெய்வப் பாடல்களைப் பாடுபவரின் அந்தரங்கத்தை அறியும் ஆவல் இப்புகழோடு சேர்ந்தே வளர்ந்தது. இலட்சுமிகாந்தனின் இதழ் அவ்வாவலை விலைக்கு விற்றது. அவ்விதழை ஒரு தனிமனிதரின் தீயொழுக்கமாக மட்டும் கருதினால் அதை வாங்கிய ஆயிரக்கணக்கானோரை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவோம். மஞ்சள் பத்திரிகை என்னும் சொல்லோடு இலட்சுமிகாந்தனின் பெயர் பிணைந்திருப்பதற்கு அவ்வாசகரும் காரணமானவர்களே.

பாதிக்கப்பட்டோர் தேர்ந்தெடுத்த வழியும் கருதத்தக்கது. அவதூறு வழக்குத் தொடர இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடமிருந்தது. முன்னணிக் கலைஞர்கள் ஆளுநரிடம் சென்று உரிமத்தை நீக்கக் கோரினர். அவதூறு வழக்கு என்றால் இதழில் வந்தவை அனைத்தும் திறந்த நீதிமன்றத்தில் மீண்டும் படிக்கப்படும். ஆளுநரின் ஆணைக்கு அவ்விளம்பரம் தேவையில்லை. இது கட்டுரையாளரின் உய்த்துணர்வே எனினும், ஆளுநரை அணுகும் வாய்ப்பு எல்லோருக்கும் இருக்கவில்லை என்பது வெளிப்படை. துணைக் கதாபாத்திரங்களில் நடித்த பெண்களின் பெயர்கள் இத்தகைய இதழ்களில் அச்சேறியபோது அவர்கள் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டியிருக்க முடியும்? இலட்சுமிகாந்தன் வழக்கைப் பற்றிய எழுத்துகளில் இவ்வினா எழுப்பப்படுவது அரிது. ரூபன்ஹோல்ட் ஒயிட்சேப்பல் பெண்களுக்குச் செய்ததைப் போன்ற ஒரு மீட்பு இங்கும் தேவைப்படுகிறது.

4. மூன்று வழக்குகள், மூன்று வெளிகள்

கொலை நிகழ்ந்த இடம் நகரத்தின் வளர்ச்சி வரலாற்றையும் சுட்டுகிறது. சென்னையின் மூன்று வழக்குகளை அடுத்தடுத்து வைத்தால் இது விளங்கும்.

1919 அக்டோபரில் தேனாம்பேட்டையின் நியூயிங்டன் மாளிகையில் கிளெமென்ட் தெ லா ஹே என்னும் ஆங்கிலேயர் இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தையை இழந்த இளம் ஜமீன்தார்களுக்காக அரசின் பாதுகாப்பில் அங்கு நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளியின் தலைவர் அவர். அக்காலத் தேனாம்பேட்டை தோட்ட மாளிகைகள் நிறைந்த நகர்ப்புறம். மாணவராக இருந்த கடம்பூர் ஜமீன் வாரிசு மீது குற்றம் சாட்டப்பட்டது. சிங்கம்பட்டி ஜமீன் வாரிசு அரசுத் தரப்புச் சாட்சியானார். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அவ்வழக்கும் தீராமலேயே நின்றது.

1944ஆம் ஆண்டின் கொலை பகலில், வேப்பேரியின் பொதுத்தெருவில், கைரிக்சாவில் சென்றவர் மீது நிகழ்ந்தது. அச்சகங்களும் வழக்கறிஞர் இல்லங்களும் நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளும் கலந்த வெளி அது.

1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் வழக்கில் தலையற்ற உடல் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் தொடர்வண்டியில் ஏற்றப்பட்டது. தாம்பரத்தைக் கடந்து மானாமதுரை சென்றபின்னரே அது கண்டறியப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இவ்வழக்கு தீர்ந்தது, குற்றவாளிகள் 1953இல் தண்டிக்கப்பட்டனர்.

தோட்ட மாளிகை, தெரு, தொடர்வண்டி என்னும் இவ்வரிசை தற்செயலானதே. மூன்று நிகழ்வுகளைக் கொண்டு நகர வளர்ச்சிக்கு விதி வகுக்க இயலாது. ஆயினும் ஒவ்வொன்றும் தன் காலத்து நகரம் எவ்வாறு இயங்கியது என்பதற்கு ஒரு குறுக்குவெட்டைத் தருகிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. தெற்கு நோக்கி விரிந்த இந்நகரத்தில் அண்டை வீட்டாரை அறியாமலேயே வாழவும், முகமறியாப் பயணியாக ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றவும் இயன்றது. ஆளவந்தார் வழக்கின் பேரச்சத்துக்கு அந்த முகமறியாமையும் ஒரு காரணமாகலாம்.

5. ஐயத்தின் படிநிலையும் நீதியின் விலையும்

தெ லா ஹே வழக்கில் கொல்லப்பட்டவர் ஆங்கிலேயர். ஐயத்துக்கு உள்ளானவர்கள் ஜமீன் வாரிசுகள். சென்னையில் நடுநிலையான விசாரணை நடைபெறாது என்னும் வாதத்துக்கு நிற வேற்றுமையே பின்புலம். எதிரிக்காக வாதாடிய வழக்கறிஞர் எஸ். சுவாமிநாதன், பின்னாளில் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய கேப்டன் இலட்சுமியின் தந்தை. வழக்கில் வென்றபின் ஆங்கிலேய வட்டாரம் தம் குடும்பத்தை விலக்கியதாகக் கேப்டன் இலட்சுமி நினைவுகூர்ந்துள்ளார்.

அவ்வழக்கின் நிழல் நகரத்துக்கு அப்பாலும் விழுந்ததாகக் கூறுவர். சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டுநிலத்தை 1929இல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவான வரலாறு இதுவே. இவ்வழக்கின் செலவே ஜமீனைக் கடனில் ஆழ்த்தியது என்பது பரவலான கூற்று. ஜமீன் கணக்கேடுகளோடு ஒப்பிட்டபின்னரே அதனை ஏற்க வேண்டும். ஆயினும், வழக்குச் செலவு என்பதை ஆய்வுப்பொருளாக்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இலட்சுமிகாந்தன் வழக்கிலும் அதே வினா எழுகிறது. உயர்நீதிமன்றத்தின் ஜூரி விசாரணையை எதிர்த்து அதே நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியே 1943ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால்தான் ஏற்பட்டது. அம்மேல்முறையீட்டில் சான்றுகளை எந்த அளவுக்கு மறுபடி எடைபோடலாம் என்பதே பிரிவி கவுன்சில் முன் நின்ற சட்டச் சிக்கல். ஒரு மாநகரக் கொலையில் பிறந்த வழக்கு, பேரரசின் உச்ச மன்றத்தில் சட்ட விளக்கமாக மாறியது. அவ்வுச்ச மன்றத்தை எட்டுவதற்குப் பணமும் ஆதரவும் புகழும் வேண்டியிருந்தன. வழக்கின் எதிரிகள் இருவர் மட்டுமல்லர். எஞ்சியோர் யாவர், அவர்களுக்காக வாதாடியவர் யார், அவர்களுடைய குடும்பங்கள் என்னவாயின என்பவற்றைத் திரை வரலாறுகள் பேசுவதில்லை. ஒரே வழக்கில் நின்றவர்களுள் சிலர் வரலாற்று மாந்தராகவும் சிலர் பெயரற்றவராகவும் ஆனதே அச்சமூகத்தின் படிநிலைக்குச் சான்று.

மொழியும் இப்படிநிலையில் ஒரு கூறு. உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. தமிழில் கூறப்பட்ட சாட்சியங்கள் மொழிபெயர்க்கப்பட்டே பதிவாயின. இலட்சுமிகாந்தனை ஏற்றிச்சென்ற கைரிக்சாவை இழுத்த தொழிலாளியைப் பெரும்பாலான மீள்கூறல்கள் பெயரின்றியே குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டில் கைரிக்சா 1973இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் நன்கறிந்திருந்த அத்தொழிலாளர்களின் சொற்கள் ஆவணக்காப்பகத்தில் மிகச் சிலவே. அச்சிலவும் பிறமொழியில், பிறர் நடையில் உள்ளன. தமிழாய்வாளர் இம்மொழிபெயர்ப்பு இடைவெளியையே ஒரு சான்றாகக் கொள்ள வேண்டும்.

6. குஜிலிக் கடையும் மக்கள் நினைவும்

விக்டோரியா கால இலண்டனில் கொலைகளைப் பற்றிய ஒற்றைத் தாள் பாடல்கள் தெருவில் விற்கப்பட்டன. அவற்றுக்கு இணையான மரபு தமிழில் கொலைச்சிந்து. சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகிச் சந்தையிலும் தொடர்வண்டியிலும் பாடி விற்கப்பட்ட இச்சிறுநூல்களை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த இவ்வகைமை நகரத்து எளிய மக்களின் அறவுணர்வை அறிய இன்றியமையாதது.

கொலைச்சிந்து பொதுவாக ஓர் அறிவுரையில் முடியும். குற்றம் வெளிப்பட்டது, தண்டனை கிடைத்தது, ஆகவே கேட்போர் திருந்துக என்பது அதன் கட்டமைப்பு. தீராத வழக்கு இக்கட்டமைப்புக்கு அடங்குவதில்லை. அறிவுரைக்குரிய இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டியிருக்கிறது. இலட்சுமிகாந்தன் வழக்கில் விதி என்னும் கருத்தே அவ்விடத்தை நிரப்பியது எனலாம். பொன்தட்டில் உண்ட கலைஞர் வீழ்ந்தார் என்னும் கதை அறிவுரையாக நின்றது. 1948இல் வெளியான ‘ராஜமுக்தி’யின் தோல்வி அக்கதைக்கு வலுச்சேர்த்தது. ஆனால் கிருஷ்ணன் 1949இல் ‘நல்லதம்பி’ வழியாகத் திரையில் மீண்டும் நிலைபெற்றார். ஒரே தண்டனையை அனுபவித்த இருவரின் பிற்கால வாழ்வு வேறுபட்டதை விதியால் விளக்க முடியாது. திரைப்பாட்டிலிருந்து உரையாடலுக்கு மாறிய இரசனையும், சமூகச் சீர்திருத்த அரசியலின் எழுச்சியும் அவ்வேறுபாட்டில் பங்குபெறுகின்றன.

7. ஆய்வாளர் கொள்ள வேண்டிய நெறிகள்

இத்தகைய வழக்குகளை ஆராய முற்படுவோர் மூன்று நெறிகளைக் கருத்திற்கொள்ளலாம்.

முதலாவது, துப்பறிவாளராக மாறும் ஈர்ப்பைத் தவிர்த்தல். நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவரைப் பற்றி, சான்று ஏதுமின்றி, உண்மை வேறாக இருக்கலாம் எனக் குறிப்பால் உணர்த்துவது ஆய்வாகாது. அவதூறு இதழ் செய்த பணியை ஆய்வேடு தொடர்வதாகவே அது முடியும். இலட்சுமிகாந்தன் வழக்கில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்புப் பொருளுடையது.

இரண்டாவது, கொல்லப்பட்டவரை மனிதராகக் காணுதல். இலட்சுமிகாந்தனின் தொழில் பலரைப் புண்படுத்தியது. அதனால் அவரது கொலை நியாயமாகிவிடாது. திரை வரலாறுகள் பலவற்றில் அவர் ஒரு தீயவர் என்னும் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறார். அவ்வாறு முடிப்பது அவருக்கு மட்டுமன்றி, அவரைப் போன்ற இதழாளரை உருவாக்கிய சமூகத்தை அறியும் முயற்சிக்கும் தடையாகும்.

மூன்றாவது, சான்றுகளை வகைபிரித்தல். நீதிமன்றத் தீர்ப்பு, காவல்துறைப் பதிவு, நாளிதழ்ச் செய்தி, சிந்து நூல், பிற்கால நினைவுக்குறிப்பு ஆகியவை வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுந்தவை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகமும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இவ்வகைத் தேடலுக்கு உதவுபவை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நினைவுக்குறிப்பில் உள்ள உரையாடலை 1944ஆம் ஆண்டின் சான்றாக மேற்கோள் காட்டும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் மிகுதி. அந்நினைவுக்குறிப்பு எழுதப்பட்ட காலத்துக்கே அது முதன்மைச் சான்றாகும்.

முடிவுரை

ஒயிட்சேப்பலை ஆராய்ந்தோர் கொலையாளியைத் தேடுவதை நிறுத்தியபோது ஒரு நகரத்தின் விடுதிகளும் தெருக்களும் பெண்களின் உழைப்பும் அவர்களுக்குத் தெரியலாயின. சென்னையின் தீராத வழக்குகளும் அத்தகைய வாசிப்பை வேண்டிநிற்கின்றன. இலட்சுமிகாந்தன் வழக்கு போர்க்காலத் தாள் கட்டுப்பாட்டையும், அந்தரங்கத்தின் வணிகத்தையும், ஜூரி முறையின் இயக்கத்தையும், நீதியை எட்டத் தேவைப்பட்ட செலவையும் ஒருசேரக் காட்டுகிறது. அதன் எதிரிகளுள் புகழ்பெறாதவர்கள், இதழில் இழிவுபடுத்தப்பட்ட பெண்கள், அவ்விதழின் வாசகர்கள் ஆகிய முத்தரப்பினரைப் பற்றிய தனித்தனி ஆய்வுகள் இனி மேற்கொள்ளப்பட வேண்டும். கொலையாளியின் பெயர் இனிக் கிடைக்காமலே போகலாம். வழக்கின் ஆவணங்களுக்குள் பெயரளவில் நின்றுவிட்ட பிறருடைய வாழ்க்கையை மீட்பதற்கு அது தடையன்று.